வேனுக்கு வந்த கிராம சபை

எங்களுக்கு ஜனநாயகம் சொல்லிக்கொடுப்பதற்காக மதுரையில் ஒரு ஏசி ஹாலை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மூன்று நாள் பயிற்சி. சாப்பாட்டுக்கு முன்னால் சூப்பு கொடுத்தார்கள், சாப்பாட்டுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள், நடுவில் ஜனநாயகம் கொடுத்தார்கள். விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளிலிருந்து சமூக அறிவியல் ஆசிரியர்கள் இருபது பேர் போயிருந்தோம். கழுத்தில் ஆளுக்கொரு அட்டை மாட்டிவிட்டார்கள். அந்த அட்டையைக் கழற்றத் தோன்றாமல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

பயிற்சி கொடுத்தவர் ஐரோப்பாக்காரர். நல்ல மனுஷன், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. திரையில் உலகப் படத்தைப் போட்டு, எந்தெந்த நாட்டில் பள்ளிக்கூடம் பெருகியதோ அங்கெல்லாம் பின்னாலேயே ஜனநாயகமும் வந்து சேர்ந்தது என்று குச்சி வைத்துக் காட்டினார். சென்னையிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா அதைத் தமிழில் சொன்னார். சாத்தூர் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுந்து, "எங்க ஊர்ல எழுத்து வர்றதுக்கு முந்தியே ஓட்டு வந்துருச்சே சார். கைநாட்டு வச்சவுகதான வரிசையில நின்னு மொத ஓட்டுப் போட்டாக?" என்று கேட்டார். அந்த அம்மா அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, வெள்ளைக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் டீ குடிக்கப் போனோம்.

நான் மட்டும் அந்த மூன்று நாளும் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக நான் குடிமையியல் நடத்துகிறேன். கணக்கு வாத்தியாருக்கு ஸ்பெஷல் கிளாஸ் வேண்டுமென்றால் முதலில் பறிபோவது என் பீரியடுதான். கண்காட்சிக்குச் சார்ட் எழுத, மாத்திரை கொடுக்க, ஓட்டுச்சாவடி வேலைக்குப் போக, எல்லாவற்றுக்கும் சமூக அறிவியல் டீச்சர். உன் பாடத்தால்தான் உலகம் திருந்தப் போகிறது என்று ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னால் மனசு கிறங்கத்தானே செய்யும். கிறங்கியது. கொடுத்த சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினேன்.

என் பள்ளிக்கூடம் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு, காட்டுக்குள் பட்டாசுக் கம்பெனிகள். கம்பெனி அறைகளை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித்தான் கட்டுவார்கள். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும். அவ்வளவு கவனமாக அளக்கிற அளவுநாடா, காலனிப் பக்கம் வந்தால் மட்டும் சுருங்கிவிடும். காலையில் ஆறு மணிக்கு வேன் வந்து நின்று பெண்களை அள்ளிக்கொண்டு போகும். நான் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்தில் ஊரில் பிள்ளைகளும் கிழடுகளும் ஆடுகளும்தான் இருக்கும்.

பயிற்சி முடிந்து வந்த மாதம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கிற பிள்ளையின் அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் நாலு வருஷத்துக்கு முன்னால் வெடிமருந்தை அலசிக் கலக்கும்போது தீப்பிடித்துச் செத்துப்போனவன். அவள் அதே வரிசையில் இன்னொரு கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். கூட்ட நோட்டை நீட்டியபோது அவள் இடது கைப் பெருவிரலை நீட்டினாள். விரல் ஏற்கெனவே மருந்துப் பொடியில் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. என் பள்ளிக்கூடத்து நோட்டில் கைநாட்டா? மதுரையில் சூப்புக் குடித்துவிட்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க. நான் சொல்லித் தாரேன்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லித் தருவதாகச் சொன்னதற்கு அல்ல, 'வாங்க' என்றதற்கு. காலனிப் பெற்றோரை அதுவரைக்கும் நாங்கள் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மூன்று நாள் பயிற்சியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த 'ங்க' ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, அப்படியே பஸ் ஏறி வந்துவிடுவேன். முதல் வாரம் நாலு பேர். சித்திரை பிறப்பதற்குள் பதினாறு பேர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன விஷயங்கள். பஸ் போர்டு படிக்க வேண்டும். மாத்திரை அட்டையில் தேதி பார்க்க வேண்டும். ரேஷன் கடையிலிருந்து போனுக்கு வருகிற மெசேஜில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். நான் சும்மா விடுவேனா? கையெழுத்தில் ஆரம்பித்து, கிராம சபைக்கு வந்துவிட்டேன். "கைநாட்டு வச்சா நீங்க எண்ணிக்கை. கையெழுத்துப் போட்டாத்தான் நீங்க ஆளு" என்று கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். யாரிடமிருந்தும் கேட்டதில்லை, எனக்கே தோன்றிய வாக்கியம். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பெண் தன் பெயரை எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். சரம் பின்னுகிறபோது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகிற விரல்கள், பேனாவைப் பிடித்ததும் கம்பைப் பிடித்த மாதிரி விறைத்துக்கொண்டன. முதல் தடவை முழுப் பெயரையும் எழுதிவிட்டு, "இது நாந்தானா டீச்சர்?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். அழுதது உண்மை. அதை ஒரு போட்டோவும் எடுத்து, பயிற்சி கொடுத்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதுவும் உண்மை.

ஏப்ரலில் ஒரு சேதி வந்தது. காலனிக்குப் பின்னால் இருக்கிற கரிசலை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது, அங்கே மருந்து கிட்டங்கி கட்டப் போகிறார்கள். பட்டாசும் மருந்தும் மொத்தமாக அடுக்கிவைக்கிற இடத்தைத்தான் எங்கள் பக்கம் கிட்டங்கி என்பது. காலனியில் கடைசி வீடு அவளுடையது.

"என் அடுப்படிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முள்ளுவேலிதான் டீச்சர்" என்றாள். "எம்மவ அப்பாவக் கம்பெனியில பறிகுடுத்தேன். வீட்டுலயும் வச்சுப் பறிகுடுக்கச் சொல்லுதீகளா? எம்மவ ராத்திரி அங்கனதான படுக்கா?"

அவள் கேட்டது அது ஒன்றுதான். தன் பிள்ளை தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் மருந்து வரக்கூடாது. கிட்டங்கிக்கு ஊராட்சியில் ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் வேண்டும், அது கிராம சபையில்தான் வரும் என்று விசாரித்துச் சொன்னது நான். சபையில் மக்கள் வேண்டாம் என்று சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னதும் நான்தான். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

மே தினத்துக் கிராம சபைக்கு முப்பத்தோரு பேர் வந்தார்கள். எங்கள் ஊருக்கு நூறு பேர் இருந்தால்தான் கோரம். தொழிலாளர் தினத்தன்று தொழிலாளர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஊராட்சி கிளார்க் தீர்மான நோட்டை மூடி வைத்துவிட்டு, "ஆள் இல்லாம நான் எங்கிட்டுப் போய்த் தீர்மானம் போட?" என்று கையை விரித்தார். அவர் சாதுவான ஆள். அதிர்ந்து பேசமாட்டார். எந்த நேரமும் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த இடத்தில் வேறு யார் மேலாவது பழியைப் போட முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். முடியாது. யோசனை என்னுடையது.

"பொம்பளைங்க கூலிய விட்டுட்டு வர முடியல. நோட்ட நீங்க வேனுக்குக் கொண்டுபோங்களேன் சார்" என்றேன். "காலையில வேன் நிக்கிற இடத்துல வருகைக் கையெழுத்து வாங்கிட்டா கோரம் வந்துரும். பேசுறதுக்கு அஞ்சாறு பேர் லீவு போட்டுட்டு வருவாங்க. எல்லாரும் இப்ப கையெழுத்துப் போடுவாங்க சார், நான் சொல்லிக்குடுத்திருக்கேன்."

கிளார்க் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊராட்சித் தலைவரைப் பார்த்தார். தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "டீச்சர்னா டீச்சர்தான்யா. இம்புட்டு நாளா நமக்குத் தோணலயே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். நான் அதை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் விட்டேன்.

அடுத்த கிராம சபை சுதந்திர தினத்தன்று. அதுவரைக்கும் ஞாயிறு தோறும் ஒத்திகை நடந்தது. அந்தப் பெண்தான் பேசுவது என்று முடிவானது. "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு அது வாயில் நுழையவில்லை. "ஐயா, எங்க வீட்டுக்குப் பின்னால வேண்டாம்யா. அம்புட்டுத்தான். இதுக்கு எதுக்கு டீச்சர் இம்புட்டு சோடனை?" என்று சிரிப்பாள். நான் விடவில்லை. முறைப்படி பேசினால்தான் மதிப்பு என்றேன். பாவம், சரம் பின்னிக்கொண்டே மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறவர்களுக்கும் அது பாடமாகிவிட்டதாம்.

சுதந்திர தினத்துக்குக் கம்பெனி விடுமுறை என்று கேட்டில் எழுதிப் போட்டிருப்பார்கள். தீபாவளி சீசனில் கேட்டில் எழுதியதை யார் பார்க்கிறார்கள்? அன்றைக்கும் ஆறு மணிக்கு வேன் வந்தது. நான் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் கொடிக் கம்பத்துக்குக் கோலம் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். முந்நூறு அடி தூரத்தில்தான் வேன் நிற்கும் இடம். போயிருக்கலாம். மிட்டாய் வாங்கப் போன ஆள் வரவில்லை என்ற கவலையில் இருந்தேன்.

அங்கே நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிளார்க் தீர்மான நோட்டோடு வேனுக்குள்ளேயே ஏறியிருக்கிறார். அவர் பேனாவையே கொடுத்திருக்கிறார். லீவு போட்டிருந்த அந்தப் பெண், வீட்டில் இருக்கமாட்டாமல் வேனுக்கு வந்து நின்று, ஒவ்வொருத்தியையும் "ஏத்தா, கைநாட்டு வைக்காத, எழுது, டீச்சர் சொல்லிக்குடுத்தாகல்ல" என்று உற்சாகப்படுத்தியிருக்கிறாள். என் வகுப்புக்கு வராதவர்களைக்கூடக் கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறாள். மூன்றாவது வரியில் அவள் பெயர். மேலே அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. எதற்கு என்று ஒருத்தி கேட்டதற்கு, "தேதி, இடமெல்லாம் எழுதணும்லம்மா" என்று கிளார்க் சொல்லியிருக்கிறார். அடுத்த வேனிலும் அப்படியே. நூறு தாண்டிவிட்டது.

பதினோரு மணிக்கு ஊராட்சி அலுவலகத்து வேப்பமரத்தடியில் கூட்டம். நாற்காலியில் ஏழெட்டு ஆம்பிளைகள், தார்ப்பாயில் காலனியிலிருந்து ஆறு பெண்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். வரவு செலவு, தெருவிளக்கு என்று ஒவ்வொன்றாகப் போய், அந்தப் பெண் எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்றாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

தலைவர் அவளை உட்காரச் சொல்லவில்லை, அதட்டவும் இல்லை. முழுவதையும் பேச விட்டார். பேசி முடித்ததும் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் நோட்டைப் பிரித்து, காலனிக்குக் கிழக்கே இன்ன சர்வே எண்ணில் வெடிபொருள் கிட்டங்கி அமைக்க இந்தக் கிராம சபைக்கு ஆட்சேபணை இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது என்று வாசித்தார். வெறுமையாக இருந்த அரைப் பக்கம் நிரம்பியிருந்தது. அதற்குக் கீழே, கோணல் மாணலாக, நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்துகள்.

"அது வருகைக்குன்னுல்ல போட்டோம்?" என்றாள் அவள்.

"எல்லாரும் படிச்சவுகளா ஆயிட்டீக. படிச்சுப் பாத்துத்தான போட்டிருப்பீக?" என்றார் கிளார்க். அப்போதும் குரல் உயரவில்லை.

நாற்காலியிலிருந்து ஒருவர் சேர்ந்துகொண்டார். "முந்தி மாதிரி கைநாட்டா, ஏமாத்தி வாங்கிட்டாகன்னு சொல்ல? மூணாவது பேரே ஒம் பேருதான இருக்கு?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. சட்டம், பிரிவு என்று ஏதேதோ சொல்லியிருப்பேன். தலைவர் ரொம்ப மரியாதையாக, "யோசனையே ஒங்களோடதுதான டீச்சர், நோட்ட வேனுக்குக் கொண்டுபோகச் சொன்னது?" என்றார். தார்ப்பாயில் இருந்த ஆறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தச் சேதி அவர்களுக்கு அதுவரைக்கும் தெரியாது.

சாயங்காலம் வேன் திரும்பியதும் காலனியில் ஏச்சும் பேச்சுமாக இருந்ததாம். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் டீச்சர், பஸ் ஏறிப் போய்விடுகிறவள். கையைப் பிடித்து எழுத வைத்தவள் அவள்தானே. அவளைத்தான் சொன்னார்கள். கம்பெனிக்காரனிடம் எம்புட்டு வாங்கினாய் என்றுகூட ஒருத்தி கேட்டாளாம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான் கொடுத்திருந்த பேனாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவள்.

செப்டம்பரில் ஐரோப்பாக்காரரும் ஒருங்கிணைப்பாளர் அம்மாவும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். நான் வாட்ஸ்அப்பில் போட்ட போட்டோக்கள் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தன. கிளார்க் அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, நோட்டைப் பிரித்துக் காட்டினார். பக்கம் நிறையப் பெண்களின் கையெழுத்து. வெள்ளைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும், அவர் நம் எழுத்துக்குக் கைநாட்டு.

நான் நடந்ததையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போய்க் கேட்டார். கேட்டுவிட்டு வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார். நடைமுறையில் சில சவால்கள் இருக்கின்றன, டீச்சர் அதையும் சமாளித்துவருகிறார் என்று. எனக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியும். மறுத்துச் சொல்கிற அளவுக்குத் தெரியவில்லை. வெள்ளைக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி சூலக்கரை. அங்கே இருக்கிற கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை தோறும் மனு வாங்குவார்கள். அந்தப் பெண் அதற்குள் என்னோடு பேசுவதைக் குறைத்திருந்தாள். ஆனாலும் மனு என்றதும் சரி என்றாள். நான் என் கையால் மூன்று பக்கம் எழுதினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவள், மறுநாள் தன் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாள். அடியில் பெருவிரல் ரேகை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. திங்கள்கிழமை பஸ் ஸ்டாப்பில் பார்த்ததும், "இத்தனை படிச்சும் திரும்பக் கைநாட்டா?" என்று கேட்டேன்.

"வெரலு நடுங்குது டீச்சர்" என்றாள். நம்பினேன். பாடம் நடத்துகிற எனக்கு, எதிரில் இருக்கிறவள் ஒரு காரியத்தை யோசித்துச் செய்திருப்பாள் என்று தோன்றவே இல்லை.

சூலக்கரையில் எங்கள் மனுவைப் பார்த்த அதிகாரி இளவயதுக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார். மூன்று பக்கத்தையும் வாசித்தார். ஊராட்சியிலிருந்து வந்திருந்த தீர்மான நகலை எடுத்து மேஜையில் மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல கையெழுத்து இருக்கு. அதுல கைரேகை இருக்கு. எதும்மா உங்களது?"

"ரேகைதான்யா என்னுது" என்றாள் அவள். "எனக்கு எழுதத் தெரியாதுய்யா. நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. அந்தக் கையெழுத்த யாரு போட்டாகளோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. குரலில் நடுக்கம் இல்லை. மதிப்பிற்குரியவர்களே என்று ஆரம்பிக்கவும் இல்லை. அவள் பாட்டுக்கு அவள் மொழியில் பேசினாள், அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதத் தெரியாதவங்க பேர்ல கையெழுத்து இருந்தா அது போர்ஜரிம்மா. ஒண்ணு பொய்யின்னா மத்ததையும் பாக்கணும். தீர்மானத்த நிறுத்திவச்சு விசாரிக்கச் சொல்லி நான் நோட் போடலாம்" என்றார். பேனாவை எடுத்துவிட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "நீங்க?"

"டீச்சர் சார். இவங்க பொண்ணு எங்கிட்டதான் படிக்கிறா."

"இவங்களுக்கு எழுதத் தெரியாதா மேடம்?"

அவள் இப்போது என்னைப் பார்த்தாள். கெஞ்சலெல்லாம் இல்லை. இதற்கு மேல் உன் கையில்தான் இருக்கிறது என்று சொல்வது போன்ற பார்வை. தெரியாது சார் என்று இரண்டு வார்த்தை போதும். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்.

"தெரியும் சார்" என்றேன். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

பொய் சொல்ல மனம் வரவில்லை என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்படியொன்றும் நான் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை இல்லை. நடக்காத மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் நடந்ததாக எத்தனை நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வராத பிள்ளைகள் வந்ததாக எத்தனை நாள் எழுதியிருக்கிறேன். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் அரசுப் பள்ளி டீச்சருக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த உண்மை?

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப இதுல ஒண்ணும் பண்ண முடியாதும்மா. நீங்களே கையெழுத்துப் போட்டு, இப்ப இல்லங்கிறீங்க. பொய் மனு குடுத்தா உங்க மேலதான் கேஸ் ஆகும்" என்று பொறுமையாக விளக்கினார். மனுவைத் திருப்பிக் கொடுத்தார். வெளியில் வரும்போது அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

விருதுநகரில் மாறி, சாத்தூரில் மாறி, ஊர் பஸ்ஸில் ஏறினோம். மூன்று பஸ்ஸிலும் அவள் டிக்கெட்டை அவளே எடுத்தாள். ஊர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். ஊர் எல்லையில் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியே காலனியும் கடைசி வீடும் தெரிந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் கிட்டங்கிக்கு அஸ்திவார வானம் தோண்டி, மண்ணைக் குவித்திருந்தார்கள். அவள் வீட்டுக் கொடியில் பிள்ளையின் யூனிபாரம் காய்ந்துகொண்டிருந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "என்னால பொய் சொல்ல முடியலம்மா" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் என்ன குழம்பு வைக்கப்போகிறாள் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நீங்க நெசத்தச் சொன்னதுக்கு நான் வருத்தப்படல டீச்சர். எம்மவளுக்கு நாளைக்கும் நீங்கதான டீச்சரு. ஆனா அந்த ஐயா கேட்டதும் ஒங்க மொகத்துல ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க. எனக்கு எழுதத் தெரியும்னு சொல்லுறதுல. அதத்தான் என்னால தாங்க முடியல."

ஸ்டாப் வந்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள். அப்படி இல்லை என்று சொல்வதற்கு நான் வாயைத் திறந்தேன். சந்தோஷம் வந்தது உண்மைதான்.